கைபட்ட விதை

விதைப்பு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டீர்கள். முடிந்துவிட்டது சார். எங்கள் ஊரில் எல்லாருக்கும் முடிந்து, பயிர் இடுப்புக்கு வந்துவிட்டது. எனக்குத்தான் இனிமேல்.

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். கார்த்திகை கடைசியில், மானாவாரிக் கரிசலில், மக்காச்சோளம் விதைக்கப் போகிறேன் என்று ஒருத்தன் மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தால் யாருக்கும் சிரிப்பு வரும். விவசாய ஆபீஸில் இருக்கிற உங்களுக்கு வராமல் இருக்குமா? ஆனால் முழுதாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சிரியுங்கள். நான் இறங்க வேண்டிய பனையடி விலக்கு வர இன்னும் நேரம் இருக்கிறது.

மூட்டையை இறக்கி வைக்கச் சொல்லாதீர்கள். கண்டக்டரும் அதைத்தான் சொன்னான். "பெருசு, இஞ்சின் பக்கத்துல வைங்க, மடியில பிள்ளையா வச்சிருக்கீரு"ன்னான். இஞ்சின் சூட்டில் வைத்தால் விதை என்னத்துக்கு ஆகும்? அதுவும் இது சும்மா விதை இல்லை. எங்கள் மதினி கை பட்ட விதை.

மதினி என்றால் எங்கள் அண்ணன் சுப்பராஜ் சம்சாரம். வெள்ளத்தாய். அவருக்குக் கைராசி. எங்கள் பக்கத்தில் டிராக்டர் சால் போட்டுக்கொண்டு போகும், பொம்பளைகள் பின்னாலேயே விதை போட்டுக்கொண்டு வருவார்கள், பார்த்திருப்பீர்கள். ஆனால் முதல் சாலில், ஈசானி மூலையில், முதல் விதையை யார் வேண்டுமானாலும் போட்டுவிட முடியாது. கைராசி உள்ளவர்கள்தான் போட வேண்டும். கல்யாணம் முடித்து வந்த வருஷத்திலிருந்து எங்கள் காட்டுக்கு மதினிதான். தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு, சுளகில் விதையை எடுத்துக்கொண்டு வந்து கிழக்கே பார்த்து உட்கார்ந்து போடுவார். ஒரு விதை பொய்க்காது சார். சால் பிடித்த மாதிரி முளைத்து நிற்கும். அண்ணன் காடு மேலே, என் காடு கீழே. இரண்டுக்கும் ஒரே கை.

பங்குனியில் அண்ணன் இறந்துபோனார். நெஞ்சுவலி. களத்தில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே. பிள்ளைகள் கிடையாது.

சரி, அதை விடுங்கள். காட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சித்திரையில் கோடை உழவு. டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினால், அண்ணன் காட்டுக்கும் என் காட்டுக்கும் நடுவே வரப்பு. பெரிய வரப்பு. எங்கள் ஐயா காலத்தில் கல் வைத்து ஏற்றினது. டிராக்டர் இங்கே உழுது திரும்பி, அங்கே போய் உழுது திரும்பி, எவ்வளவு டீசல் வீண்? இனிமேல் இரண்டையும் பார்க்கப்போகிறவன் நான் ஒருத்தன்தானே? மதினி பொம்பளை, தனியாக என்ன செய்வார்? அதனால் வரப்பை உழுது கலைத்துவிட்டேன். கல்லையெல்லாம் பொறுக்கி ஓடையில் போட்டுவிட்டு, மேலேயிருந்து கீழே வரைக்கும் ஒரே சால். அடடா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கயிறு பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியாது. சால் பயிருக்கு அழகே நீளம்தான் சார்.

பக்கத்துக் காட்டு சுந்தரராஜ் வந்து பார்த்தான். எனக்கு மாப்பிள்ளை முறை. "என்ன மாமா, வரப்பைக் கொன்னுட்டீகளே" என்றான். பொறாமை. அவன் காடு துண்டு துண்டாகக் கிடக்கும், நாலு பக்கமும் வரப்பு. அவனால் இப்படி நீளச் சால் போட முடியுமா?

புரட்டாசியில் ஒரு மழை வந்தது. பெரிய மழை இல்லை, ஆனால் மண் கறுத்தது. நான் எப்போதும் ஊரில் முதல் ஆளாக விதைக்கிறவன். முந்தி விதைத்தால் முந்திக் கதிர். டிராக்டருக்குச் சொல்லி, ஆட்களுக்குச் சொல்லி, எல்லாரும் காட்டில் நிற்கிறோம். மதினியும் வந்துவிட்டார். வழக்கம்போல ஈரத் தலை, கையில் சுளகு.

எனக்குச் சங்கடம்தான். சொல்லாமல் இருக்க முடியுமா? அண்ணன் போய் ஆறு மாதம்தான் ஆகிறது. தாலி இல்லாதவரை முதல் விதை போடச் சொன்னால் ஊர் என்ன பேசும்? "மதினி, நீங்க நில்லுங்க. இந்த வருசம் சீனியம்மா போடட்டும்" என்றேன். சீனியம்மா என் வீட்டுக்காரி. மெதுவாகத்தான் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

மதினி வரப்பு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? உழுத மண். பிறகு, "கொழுந்தனாரே, என் சால் எங்க தொடங்குது?" என்றார்.

"எல்லாம் ஒரே சால்தான் மதினி. உங்களுது எங்களுதுன்னு என்ன இருக்கு" என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னேன் சார். வேறு ஒருத்தன் சொல்வானா?

கால் பெருவிரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். "ஈரம் மேலாப்புலதான் இருக்கு. அடியில சூடு" என்றார். சுளகை சீனியம்மா கையில் கொடுத்தார். நடந்து போய்விட்டார்.

சீனியம்மா சுளகை வாங்கிக்கொண்டு நிற்கிறாள், நிற்கிறாள், உட்காரமாட்டேன் என்கிறாள். "அக்கா இருக்கையில நான் எப்படிங்க போடுறது" என்கிறாள். டிராக்டர்க்காரன் அடுத்த காட்டுக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுகிறான். ஒரு அதட்டு அதட்டினேன். போட்டாள்.

முளைத்தது. முளைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். பச்சைக் கோடு போட்ட மாதிரி முளைத்தது. பிறகு ஒரு வெயில் அடித்தது பாருங்கள், புரட்டாசி வெயில், இரண்டு இலை விட்ட குருத்து அப்படியே கருகி, மண் நிறத்துக்குப் போய்விட்டது. ஊரில் வேறு யாரும் விதைக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதே மனசில் ஒன்று தட்டியது. இவள் கை சரியில்லையோ? ஆனால் வெளியே சொல்லவில்லை. முதல் தடவைதானே என்று பொறுத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் நல்ல மழை. அடியோடு நனைந்தது. ஊரே காட்டில் இறங்கியது. அப்போது அந்த சுந்தரராஜ் என்ன செய்தான் தெரியுமா? பெண்டாட்டியை அனுப்பி மதினியைக் கூப்பிட்டு, அவன் காட்டில் முதல் விதை போட வைத்தான். தாலி இல்லாத பொம்பளையை! நான் டீக்கடையில் வைத்து எல்லார் முன்னாலும் கேட்டேன். "ஏன்டா, ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"எந்த ஊர் மாமா?" என்றான். "தாலியா விதை போடுது? கைதான போடுது."

டீக்கடையில் எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தனாவது எனக்குப் பரிந்து பேச வேண்டுமே. கிடையாது. அடுத்தடுத்து இரண்டு மூன்று பேர் மதினியைக் கூப்பிட்டார்கள். எல்லா வீட்டுக் காட்டிலும் விதை போட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். முதல் விதை போட விடவில்லை என்கிற கோபம். அதற்காகச் சொந்தக் காட்டை விட்டுப் போவார்களா? அது கூடவா கோபப்படுகிற விஷயம்?

நானும் அதே ஈரத்தில் மறுவிதைப்பு விதைத்தேன். புது விதை வாங்கி, திரும்ப உழுது, திரும்ப ஆள் வைத்து. சீனியம்மா, "நான் வேண்டாம்ங்க, யாரையாச்சும் கூப்பிடுங்க" என்றாள். "பழிக்கு அஞ்சுறியா? ஒரு தடவை போச்சுன்னா மறு தடவை வரும், போடு" என்றேன். நான் அவளை விட்டுக்கொடுக்கவில்லை சார். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். இரண்டாவது தடவையும் அவளுக்குத்தான் கொடுத்தேன்.

விதைத்த வாரமே அடை மழை. சாயங்காலம் பிடித்தது, விடிய விடியப் பெய்தது. காலையில் போய்ப் பார்க்கிறேன், மேல்காட்டுத் தண்ணீர் முழுக்க என் சால் வழியாகவே இறங்கி ஓடையில் போய்க்கொண்டிருக்கிறது. சாலெல்லாம் வாய்க்கால். விதை போச்சு, மேல்மண் போச்சு, போட்ட உரமும் போச்சு. கீழ்க்கோடியில் ஓடைக்கரையில் ரோஸ் கலரில் விதை குவிந்து கிடக்கிறது. கம்பெனி விதைக்கு மருந்து போட்டு ரோஸ் கலர் அடித்திருப்பார்களே, அதுதான். கோழிகூடத் தின்னாது.

சுந்தரராஜ் காட்டைப் பார்க்கிறேன். ஒரு பாத்தி அசையவில்லை. தண்ணீர் நின்று, கட்டி, உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அதே மழை சார். அதே வானம். நடுவில் ஒரு வண்டிப்பாதைதான். அவன் காட்டுக்கு ஒன்றுமில்லை, என் காட்டுக்கு மட்டும் ஏன்? நீங்களே சொல்லுங்கள். கையைத் தவிர வேறென்ன காரணம்?

வரப்பா? வரப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நீங்களும் சுந்தரராஜ் மாதிரியே பேசுகிறீர்கள்.

அன்றைக்குக் காட்டு வேலைக்கு வருகிற பொம்பளைகள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்து நிற்கிறார்கள். சீனியம்மா ஓடைக்கரையில் உட்கார்ந்து அந்த விதையைச் சேற்றிலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "தொடாதட்டி! நீ தொட்டதாலதான் இந்தக் கதி. வெளங்காத கை" என்று கத்திவிட்டேன். ஆத்திரத்தில் ஒரு வார்த்தை. வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டையில் வராத வார்த்தையா?

இந்தப் பொம்பளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு விதைப்புக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. சரி, விதைப்பு முடிந்தது. களையெடுப்புக்காவது கூப்பிட வேண்டுமே. வேலைக்கு ஆள் கூட்டிப் போகிற கொத்துக்காரி ஒரு நாள் வாசலில் நின்று, "சீனியம்மா, நீ வருத்தப்படாத, காட்டுக்காரவுக ஒரு மாதிரி நினைக்காக" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் ஊரில் வேகமாகக் களை வெட்டுகிறவள் அவள்தான். முன் சாலில் அவள் போனால் மற்றவர்கள் பின்னால் ஓடி வர வேண்டும். இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சோறு போட்டால் தட்டைக் கையில் கொடுக்கமாட்டாள். தரையில் வைத்துத் தள்ளிவிடுவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடி வந்தால் தூக்கமாட்டாள். நான் ஒருநாள், "என்னட்டி நடிக்க?" என்று கேட்டேன். "இல்லைங்க. எதுக்கு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஒரு வார்த்தை சொன்னதற்கு இவ்வளவு வீம்பா என்று எனக்குக் கோபம் வருமா வராதா?

ஆனால் உண்மை உண்மைதானே சார். இரண்டு தடவை போட்டாள், இரண்டு தடவையும் போச்சு.

கொல்லையில் அவள் போட்ட அவரை காய்த்துத் தொங்குகிறது, அது வேறு. அது பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் தானாக வருகிறது. அதற்குக் கை என்னத்துக்கு?

ஊரெல்லாம் பச்சை. என் காடு மட்டும் நடுவில் கறுப்பாகக் கிடக்கிறது. டீக்கடைக்குப் போனால் சுந்தரராஜ், "மாமா, விதையை வேக வச்சுப் போடுதீகளோ? உப்புப் பார்த்தீகளா?" என்கிறான். சிரிப்பு. எனக்குத் தூக்கம் இல்லை சார். படுத்தால் அந்தக் கறுப்புத்தான் கண்ணில் நிற்கிறது. விதைப்புக் காலத்தில் காட்டைத் தரிசாகப் போட்டவன் என்று எங்கள் வம்சத்தில் ஒருத்தனுக்கும் பேர் கிடையாது. இந்த வருஷம் எனக்கு வந்துவிடும். அதுதான். அது ஒன்றுதான்.

அதனால்தான் மதினியைத் தேடிப் போனேன். கடையில் கடைசியாகக் கிடந்த மூட்டையை வாங்கிக்கொண்டு, பாருங்கள் வேட்டியெல்லாம் ரோஸ், காலையிலேயே கிளம்பிப் போனேன். அவர் தம்பி மிளகாய் வத்தல் வியாபாரம். வீட்டு முன்னால் சாக்கு விரித்து, வத்தலைக் குவித்துப்போட்டு, மதினி காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். மூக்கில் துணி. என்னைப் பார்த்ததும் துணியை இறக்கிவிட்டு, "வாங்க கொழுந்தனாரே" என்றார். எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பழக்கம் மாறவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க வந்து முதல் விதை போடணும் மதினி. ஊர் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கிடுதேன்" என்றேன்.

கிள்ளிக்கொண்டே கேட்டார். "மண்ணு எப்படி இருக்கு?"

"காய்ஞ்சிருக்கு. வெடிப்பு விட்டிருக்கு."

"கை போற அளவுக்கா?"

"முழங்கை வரைக்கும் போகும்" என்றேன். பொய் சொல்ல மாட்டேன். அதான் நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள், காட்டு நிலவரம் கேட்டீர்களே. டிராக்டர்க்காரன் வர மாட்டேன் என்றுவிட்டான். கலப்பை இறங்காது, கட்டி கட்டியாகப் பெயரும் என்கிறான். கடப்பாரையால் குழி போட்டுப் போடலாம் என்று இருக்கிறேன். பனி இருக்கிறது. பனி ஈரத்தில் முளைக்காதா?

பிறகு, "வரப்பைத் திரும்பப் போட்டுட்டீகளா?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல வந்திருக்கிறேன், அவர் என்ன கேட்கிறார் பாருங்கள். அண்ணன் போனதிலிருந்து மதினிக்கு நினைப்பு ஒரு நிலையில் இல்லை. "வரப்பு எங்க போயிறப்போவுது மதினி, அதை மெதுவாப் பாத்துக்கிடலாம்" என்றேன். அவர் தம்பி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். மதினி அவனைக் கையமர்த்தினார்.

"சீனியம்மா எப்படி இருக்கா?"

"இருக்கா. அவ கையாலதான் இவ்வளவும்."

கிள்ளுவதை நிறுத்திவிட்டார். என்னையே பார்த்தார். பிறகு, "அவளை இங்க அனுப்பி வைங்க. எங்களுக்குக் காம்பு கிள்ளக் கை வேணும். என்கூட இருக்கட்டும்" என்றார்.

"அவ கை பட்டா வத்தல் பூசணம் பூத்துரும் மதினி" என்று சிரித்தேன். வேடிக்கையாகச் சொன்னதுதான். மதினி சிரிக்கவில்லை.

இதை சீனியம்மாவிடம் சொல்ல மாட்டேன் சார். சொன்னால் கிளம்பினாலும் கிளம்பிவிடுவாள். எனக்குச் சோறு?

கடைசியில் மதினி எழுந்து வந்தார். மூட்டை வாயை அவிழ்த்தார். மணிக்கட்டு வரைக்கும் கையை உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி பிடித்து, அப்படியே உள்ளேயே விட்டுவிட்டுக் கையை எடுத்தார். "தொட்டாச்சு. போங்க. நான் அந்தக் காட்டுக்கு வரலை" என்றார்.

"ஒரு பிடி எடுத்துக் கையில கொடுங்க மதினி."

"தொட்டாச்சுல்லா. பஸ் போயிரும்."

பிறகு தொட்டிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவினார். மருந்து விதை இல்லையா, அதுவும் வத்தல் கிள்ளுகிற கை. விவரமானவர். நான் தெரு முனை திரும்பும்போதும் கழுவிக்கொண்டுதான் இருந்தார்.

எனக்கு இறங்கிய பாரம் இருக்கிறதே, சொல்ல முடியாது. கை பட்டுவிட்டது. ஆள் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன், மதினி தொட்ட விதையோடு வருகிறேன் என்று. சீனியம்மா "சரிங்க" என்றாள். குரலில் ஒரு தெளிச்சி இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு.

அதனால் நீங்கள் உங்கள் தாளில் என் காட்டைத் தரிசு என்று எழுத வேண்டாம் சார். பேர் கெட்டுவிடும். விதைப்பு முடிந்தது என்றே எழுதிவிடுங்கள். நாளைக்குப் போடப்போகிறதுதானே. அடுத்த மாதம் வந்து பாருங்கள், சால் பிடித்த மாதிரி நிற்கும்.

வெளியே பார்க்காதீர்கள், இது எங்கள் ஊர்க் காடு இல்லை. எங்கள் காடு விலக்கிலிருந்து உள்ளே போக வேண்டும்.

கண்டக்டர், பனையடி விலக்கு இறக்கம்!

வேண்டாம் சார், நீங்கள் பிடிக்க வேண்டாம், நானே தூக்கிக்கொள்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள். அவர் கைக்குப் பிறகு இன்னொரு கை பட வேண்டாம் என்றுதான்.

அங்கே யார் நிற்பது? சீனியம்மாவா? இந்த வெயிலில் விலக்கு வரைக்கும் நடந்தா வந்திருக்கிறாள்? நான் வரச் சொல்லவே இல்லையே. தலைக்குக் குளித்திருக்கிறாள். தலைச்சுமைக்குச் சும்மாடு கூடக் கோலிக்கொண்டு வந்திருக்கிறாள். பாருங்கள் சார், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மூட்டையை வாங்க ஓடி வருகிறாள்.

ஏய்! ஏய் சீனியம்மா! கிட்ட வராத! கையை எடுட்டி. தொட்டுராத, அங்கயே நில்லு!